சூரியனின் நடுவில் கரும்பொருள் இருந்தால் நியூட்ரினோ அதைச் சொல்லுமா?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது. கரும்பொருள் ஒளியை உமிழ்வதும் இல்லை, தடுப்பதும் இல்லை. நியூட்ரினோவோ பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும் துகள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, கைக்குச் சிக்காத இன்னொன்றைக் கொண்டு தேடுவது எப்படி? தென் துருவப் பனிக்குள் புதைத்து வைத்திருக்கும் நியூட்ரினோ கருவியான ஐஸ்கியூப் இத்தனை ஆண்டுகளில் எதைக் கண்டது? நாளைக்கே "கண்டுவிட்டோம்" என்று அறிவித்தால், எதை வைத்து அதை நம்புவது?

நியூட்ரினோ எதிலும் எளிதில் சிக்காது என்பதைக் கேட்டவர் ஒரு குறையாகச் சொல்கிறார். இந்தத் தேடலில் அதுவே அதன் முதன்மையான பயன். கரும்பொருள் மிக அடர்த்தியாகச் சேர்ந்திருக்கக்கூடிய இடங்களில் ஒன்று சூரியனின் மையம், அங்கிருந்து மாறாத வடிவில் நம்மிடம் வந்து சேரக்கூடிய தூதர் நியூட்ரினோ மட்டுமே. மையத்தில் பிறக்கும் ஒளி பல்லாயிரம் ஆண்டுகள் முட்டி மோதி, தான் பிறந்த கதையை முற்றிலும் இழந்த பிறகே சூரியனின் மேற்பரப்புக்கு வருகிறது. நியூட்ரினோ இரண்டே நொடிகளில் வெளியே வந்து, எட்டு நிமிடங்களில் நம்மைக் கடந்து போகிறது.

கரும்பொருள் இருக்கிறது என்பதற்கான சான்றுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1933-இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா கொத்திலுள்ள விண்மீன் மண்டலங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறையால் கட்டிவைக்க முடியாத வேகத்தில் ஓடுவதைக் கண்டார். 1970-களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும், ஆந்த்ரோமேடா போன்ற மண்டலங்களின் வெளி விளிம்பிலும் விண்மீன்களின் சுழற்சி வேகம் குறையாமல் இருப்பதை அளந்து காட்டினார்கள். பிரபஞ்சத்தின் தொடக்ககால ஒளியின் மிச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவுப்படி, பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ 85 விழுக்காடு கரும்பொருள். நாம் இருக்கும் இடத்தில் அதன் அடர்த்தி, கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என்று கணிக்கப்படுகிறது (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் இந்த ஒரே அலகில் சொல்வது வழக்கம்). ஒரு கரும்பொருள் துகளின் நிறை 100 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது புரோட்டானைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் சொம்புக்குள் எந்த நேரமும் மூன்று துகள்கள் இருக்கும். அவை நிற்பதில்லை; சூரியன் விண்மீன் மண்டலத்தைச் சுற்றும் வேகமே நொடிக்கு 220 கிலோமீட்டர் அளவில் இருப்பதால், அதே அளவான வேகத்தில் நம்மைக் கடந்துகொண்டிருக்கின்றன.

அந்தத் துகள்களில் ஒன்று சூரியனுக்குள் நுழைகிறது என்று கொள்வோம். பெரும்பாலும் மறுபுறம் வெளியேறிவிடும். மிக அரிதாக ஒருமுறை, ஒரு ஹைட்ரஜன் கருவின் மீது, அதாவது ஒரு புரோட்டான் மீது மோதும். அந்த மோதலில் சிறிது வேகம் இழந்து, சூரியனைவிட்டுத் தப்புவதற்கு வேண்டிய வேகத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், அது சிறைப்பட்டுவிட்டது. அதன் பிறகு சூரியனையே சுற்றிச் சுற்றி வந்து, மீண்டும் மீண்டும் மோதி, மெல்ல மெல்ல மையத்தில் படியும். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இத்தனை காலம் அரிதான மோதல்கள் சேர்ந்துகொண்டே வந்தால், மையத்தில் ஒரு கணிசமான குவியல் உருவாகியிருக்கும். துகள்கள் நெருங்கிவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் தொடங்கும். அந்த அழிவில் கனமான குவார்க்குகளும் டவ் துகள்களும் டபிள்யூ போசான்களும் பிறந்து, அவை சிதையும்போது உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் வெளிப்படும். வில்லியம் பிரஸ், டேவிட் ஸ்பெர்கெல், ஜோசப் சில்க், கீத் ஆலிவ், மார்க் ஸ்ரெட்னிக்கி ஆகியோரின் கட்டுரைகளில் இந்த எண்ணம் 1985-இலேயே உருப்பெற்றுவிட்டது. அதாவது ஐஸ்கியூப் கட்டி முடிவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே கணக்கு காத்திருந்தது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து வாய்க்காலில் நீர் வந்துகொண்டே இருக்கிறது. ஏரி நிறைந்ததும் கலிங்கில் வழியத் தொடங்குகிறது. வரத்தும் வழிவும் சமமாகிவிட்ட பிறகு, கலிங்கில் வழியும் நீரை அளந்தாலே வரத்து எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஏரியின் ஆழமோ கரையின் வடிவமோ தெரிய வேண்டியதில்லை. சூரியனிலும் இதே நிலைதான். சிறைப்படும் வீதமும் அழியும் வீதமும் சமநிலைக்கு வந்துவிட்டால், வெளிவரும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கையை வைத்து, கரும்பொருள் துகள் புரோட்டான் மீது மோதும் வாய்ப்பு எவ்வளவு என்பதை நேரடியாகக் கணக்கிடலாம். அழிவு வினையின் வீதம் தனியாகத் தெரிய வேண்டியதில்லை. விண்மீன் மண்டலத்தின் மையத்தையோ குள்ள விண்மீன் மண்டலங்களையோ பார்த்துத் தேடும் முறைகளுக்கு இந்த வசதி கிடையாது.

இன்னொரு வசதியும் இருக்கிறது. சூரியன் தானாகவே ஏராளமான நியூட்ரினோக்களை உமிழ்கிறது. பூமியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு 6,500 கோடி அளவில் அவை கடக்கின்றன. ஆனால் அணுக்கரு இணைவில் பிறக்கும் அந்த நியூட்ரினோ எதுவும் 20 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைக்கூட எட்டாது (ஆயிரம் மெகா ஒரு ஜிகா). கரும்பொருளின் அழிவில் எதிர்பார்க்கப்படுவது அதைப் போல நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, அதற்கும் மேலான ஆற்றல். சூரியனின் உலைக்குள் அத்தகைய நியூட்ரினோவைப் பிறப்பிக்கக்கூடிய வேறு வழி எதுவும் நமக்குத் தெரியாது. மேல் பக்கத்திலும் ஓர் எல்லை உண்டு: ஏறத்தாழ ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்டை, அதாவது ஆயிரம் ஜிகாவைத் தாண்டிய நியூட்ரினோக்களை சூரியனின் உட்பகுதியே பெருமளவு விழுங்கிவிடும். ஆகவே தேட வேண்டிய ஆற்றல் வீச்சு, சில ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி டெரா எலக்ட்ரான் வோல்ட்டின் பக்கத்தில் முடிந்துவிடுகிறது.

இனி பிடிக்கும் கருவி. தென் துருவத்திலுள்ள அமண்ட்சன்-ஸ்காட் ஆய்வு நிலையத்தின் அருகே, சுமார் ஒரு கன கிலோமீட்டர் பனியையே கருவியாக்கியதுதான் ஐஸ்கியூப். 86 வடங்கள், ஒவ்வொன்றிலும் 60 உணர்கருவிகள், மொத்தம் 5,160. அவை 1,450 மீட்டரிலிருந்து 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தில் தொங்குகின்றன. ஒவ்வொரு வடத்தையும் இறக்குவதற்கு, கொதிநிலைக்குச் சற்றே கீழான சூட்டில் வெந்நீரைப் பீய்ச்சிப் பனியை உருக்கி, சுமார் 60 சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை கிலோமீட்டர் ஆழமும் உள்ள ஒரு துளையை ஏறத்தாழ இரண்டு நாளில் போடுவார்கள். நீர் மீண்டும் உறைவதற்குள் வடத்தை இறக்கிவிட வேண்டும். உறைந்த பிறகு எந்தக் கருவியையும் வெளியே எடுத்துப் பழுதுபார்க்க முடியாது. 2010 டிசம்பரில் கடைசி வடம் இறங்கியது.

அந்த உணர்கருவி என்பது, ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கும் கண்ணாடிக் கோளம் ஒன்று. உள்ளே கீழ்நோக்கிய 25 சென்டிமீட்டர் ஒளிப்பெருக்கிக் குழாய். மியூவான் வகை நியூட்ரினோ ஒன்று பனியிலோ அடியிலுள்ள பாறையிலோ ஓர் அணுக்கருவின் மீது மோதினால், எலக்ட்ரானின் கனமான உறவினரான மியூவான் பிறக்கிறது. பனியில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைந்து ஓடும் அந்த மியூவான், தன் வழியெங்கும் செரன்கோவ் ஒளி எனப்படும் நீல ஒளியைச் சிந்திக்கொண்டே போகும். ஒரு வடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள 125 மீட்டரைக் கடக்க அதற்கு நானூறு நானோ நொடிகளுக்குச் சற்று மேல் ஆகும். உணர்கருவிகளோ ஒளி வந்த நேரத்தைச் சில நானோ நொடித் துல்லியத்தில் குறித்துக்கொள்கின்றன. எந்தக் கோளம் முதலில் ஒளி கண்டது, எது அடுத்து, எது அதற்கடுத்து என்று கோத்துப் பார்த்தால் மியூவான் வந்த திசை கிடைத்துவிடும். டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இந்தத் திசைப் பிழை ஒரு பாகை அளவுதான். ஆற்றல் குறையக் குறைய நியூட்ரினோ வந்த திசைக்கும் மியூவான் போன திசைக்கும் இடையிலான கோணமே சில பாகைகளாகிவிடுவதால், அரைப் பாகை அகலமுள்ள சூரியன் பனிமூட்டத்தில் தெரியும் விளக்கு போலப் பரவித்தான் தெரியும். நடுவில் நெருக்கமாகக் கோத்த டீப்கோர் பகுதி, 10 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான நிகழ்வுகளையும் பிடிப்பதற்காகவே அமைக்கப்பட்டது.

கடினமான வேலை பிடிப்பதில் இல்லை, கழிப்பதில் இருக்கிறது. ஐஸ்கியூப் நொடிக்கு ஏறத்தாழ 2,700 நிகழ்வுகளைப் பதிகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை, அண்டக்கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் துகள்கள், தலைக்கு மேலுள்ள காற்றில் மோதிப் பிறப்பித்த மியூவான்கள். ஏறத்தாழ பத்து லட்சம் மியூவானுக்கு ஒரு நியூட்ரினோ என்பதுதான் விகிதம். பூமியை முழுதாகத் துளைத்து வர மியூவானால் முடியாது. எனவே கீழிருந்து மேல்நோக்கி வரும் தடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மியூவான் தொல்லை பெருமளவு போய்விடும். சூரியனைப் பொறுத்தவரை, தென் துருவத்தில் அது தொடுவானத்துக்குக் கீழே இருப்பது மார்ச் முதல் செப்டம்பர் வரைதான். துருவத்தின் நீண்ட இரவே இந்தத் தேடலுக்குப் பகல் வெளிச்சம். கோடையில் சூரியன் மேலே இருக்கும்போது, டீப்கோரைச் சுற்றியுள்ள மற்ற வடங்களையே வேலியாக்கி, வெளியிலிருந்து நுழைந்த தடங்களை ஒதுக்கிவிட்டு, உள்ளேயே தொடங்கிய நிகழ்வுகளை மட்டும் எடுக்கிறார்கள்.

மியூவான்களைக் கழித்த பிறகும், அதே அண்டக்கதிர் மோதல்களில் பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோக்கள் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் மிஞ்சுகின்றன. இந்த வகை நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்று, 1965-இல் கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்குள் கருவி வைத்த டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஒசாகா, டர்ஹாம் ஆகியவற்றின் கூட்டுக் குழு. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வேலை செய்த சுரங்கம் அது. அன்று அரிய கண்டுபிடிப்பாக இருந்தது, இன்று ஐஸ்கியூபில் கழிக்க வேண்டிய பின்னணியாகிவிட்டது. ஒரு துறை வளர்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பின்னணியைக் கழிக்கும் முறை, எளிமையாலேயே அழகானது. தென் துருவத்தில் நின்று பார்த்தால் சூரியன் ஒரு நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வானத்தைச் சுற்றி வருகிறது. எனவே அதே உயரத்தில், சூரியன் இல்லாத மற்ற திசைகளிலிருந்து வரும் நிகழ்வுகளை எண்ணினால், சூரியன் இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்பது தரவிலிருந்தே தெரிந்துவிடும். கணினிப் போலிக்கணக்கை முழுதாக நம்பியிருக்க வேண்டியதில்லை. அத்துடன், ஆய்வாளர்கள் தங்கள் தெரிவு விதிகளை எல்லாம் இறுதி செய்யும்வரை, நிகழ்வுகளின் உண்மையான திசைக்கோணத்தைக் கலைத்தே வைத்திருப்பார்கள். எந்தத் தடம் சூரியனிலிருந்து வந்தது என்று தெரியாமலே விதி வகுக்க வேண்டும். விதி முடிவான பிறகுதான் திரையை விலக்கலாம். விலக்கிய பின் விதியை மாற்றக் கூடாது. ஆசை கணக்கில் கலந்துவிடாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு தேவை.

திரை விலகியபோது என்ன தெரிந்தது? 2017-இல் வெளியான, மூன்று ஆண்டுத் தரவின் முடிவில், சூரியனின் திசையிலிருந்து பின்னணிக்கு மேல் எதுவும் வரவில்லை. மத்தியதரைக் கடலில் இருந்த ஆன்டாரிஸ் கருவிக்கும் வரவில்லை. ஜப்பானின் கமியோகாச் சுரங்கத்தில் 50,000 டன் நீரைக் கொண்ட சூப்பர்-கமியோகாண்டே, இன்னும் எடை குறைந்த துகள்களுக்காக 2015-இல் வெளியிட்ட முடிவிலும் வரவில்லை. "அப்படியானால் இவ்வளவு செலவும் வீணா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. கலிங்கில் நீர் வழியவில்லை என்பதை இவ்வளவு துல்லியமாக அளந்துவிட்டால், வரத்து இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட முடிகிறது. துகளின் தற்சுழற்சியைச் சார்ந்து புரோட்டானோடு நிகழும் மோதல்களைப் பொறுத்தவரை, உலகிலேயே மிகக் கடுமையான வரம்புகள் சில இந்தச் சூரியத் தேடலிலிருந்து வந்தவைதான். சூரியன் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்பதும், ஹைட்ரஜன் கரு தற்சுழற்சி உள்ள தனிப் புரோட்டான் என்பதுமே காரணம். தற்சுழற்சியைச் சாராத மோதல்களில் நிலைமை வேறு: கரும்பொருள் துகள் நேராக வந்து மோதுவதற்காகக் காத்திருக்கும், கனமான செனான் கருக்களைப் பயன்படுத்தும் எல்இசட், செனான்-என்டி போன்ற நிலத்தடிக் கருவிகள் வெகுதூரம் முந்திவிட்டன. அங்கே நியூட்ரினோத் தேடலால் அவற்றோடு போட்டியிட முடியாது.

இரண்டு முறைகளும் ஒன்றையொன்று நிரப்புகின்றன என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நிலத்தடிக் கருவியில் கரு ஒன்று உணரத்தக்க அளவு உதை வாங்க வேண்டுமானால், வேகமான துகள் வர வேண்டும். சூரியனோ மெதுவான துகள்களைத்தான் எளிதில் சிறைப்பிடிக்கிறது. நிலத்தடிக் கருவி இன்று இந்த இடத்தில் உள்ள அடர்த்தியை மட்டும் உணர்கிறது. சூரியன் மிக நீண்ட காலத்தின் சராசரியைச் சேமித்து வைத்திருக்கிறது. நாம் இன்று தற்செயலாகக் கரும்பொருள் குறைந்த ஒரு பகுதியில் இருந்தால் முன்னது ஏமாறலாம், பின்னது ஏமாறாது.

ஆனாலும் இந்த வரம்புகள் நிபந்தனைக்கு உட்பட்டவை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. கரும்பொருளில் துகள் மட்டும் இருந்து எதிர்த்துகள் இல்லாவிட்டால், எவ்வளவு குவிந்தாலும் அழிவு நடக்காது, நியூட்ரினோவும் வராது. அழிவில் எலக்ட்ரான்களோ மியூவான்களோ இலேசான குவார்க்குகளோ மட்டும் பிறந்தால், அவற்றின் வழியில் தோன்றும் மியூவான்களும் பையான்களும் சூரியனின் அடர்ந்த உட்பகுதியில் நின்றுபோன பிறகே சிதையும். வெளிவரும் நியூட்ரினோவின் ஆற்றல் சில பத்து மெகா எலக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்கிவிடும். ஐஸ்கியூப் அதைத் தனியே பிரித்துப் பார்க்காது. அண்டக்கதிர்கள் சூரியனின் வெளி வளிமண்டலத்திலேயே மோதிப் பிறப்பிக்கும் நியூட்ரினோக்களும் இருக்கின்றன. அவை அதே திசையிலிருந்து, அதே ஆற்றல் வீச்சில் வருபவை. கருவிகளின் கூர்மை போதிய அளவு உயர்ந்ததும், இந்தத் தேடல் அதற்குக் கீழே இறங்க முடியாத தரையாக நிற்கப்போவது அவைதான்.

சூரியனுக்கு அப்பால் விண்மீன் மண்டலத்தின் மையத்தையும் பார்க்கிறார்கள். அங்கே கரும்பொருள் எவ்வளவு கூராகக் குவிந்திருக்கிறது என்பதில் கோட்பாட்டு மாதிரிக்கு மாதிரி பெரும் வேறுபாடு இருப்பதால், கிடைக்கும் வரம்பும் அந்த மாதிரியோடு ஏறி இறங்குகிறது. அத்துடன் அந்த மையம் தென் வானத்தில் இருப்பதால் ஐஸ்கியூபுக்கு அது எப்போதும் தலைக்கு மேல், மியூவான் மழையின் நடுவில் இருக்கிறது. 2008 முதல் 2022 வரை பிரான்ஸின் தூலோன் கடற்கரைக்கு அப்பால் இயங்கிய ஆன்டாரிஸ், அளவில் சிறியதாக இருந்தும் இங்கே ஈடுகொடுத்தது இதனால்தான். அது அந்த மையத்தைப் பூமியின் ஊடாகப் பார்த்தது.

அழியாமல் மெல்லச் சிதையும் மிகக் கனமான கரும்பொருள் என்ற இன்னொரு சாத்தியம், 2013-இல் திடீரென்று பரபரப்பானது. ஐஸ்கியூப் ஒரு பீட்டா எலக்ட்ரான் வோல்ட்டை, அதாவது ஆயிரம் டெராவைத் தாண்டிய இரண்டு நியூட்ரினோக்களை அந்த ஆண்டு அறிவித்தவுடன், அவை அத்தகைய துகளின் சிதைவாக இருக்கலாம் என்று கோட்பாட்டாளர்கள் உடனே எழுதினார்கள். நிகழ்வுகள் சேரச் சேர, அவை நம் மண்டலத்தின் மையத்தை நோக்கிக் குவியாமல், வானமெங்கும் ஏறத்தாழச் சமமாகப் பரவியிருப்பது தெரிந்தது. பின்னர் 2017-இல் வந்த ஒரு நியூட்ரினோவின் திசையில், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் (நடுவிலுள்ள கருந்துளை நம்மை நோக்கித் தாரையைப் பாய்ச்சும் மண்டலம்) அப்போது பிரகாசித்துக்கொண்டிருந்ததும், 2022-இல் என்ஜிசி 1068 மண்டலத்திலிருந்து சுமார் 79 நியூட்ரினோக்கள் வந்ததற்கான சான்றும், பெருங்கருந்துளைகளைச் சுட்டின. 2018-இல் ஐஸ்கியூப் வெளியிட்ட வரம்புப்படி, 10 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட நிறையுள்ள கரும்பொருள் துகள் சிதையுமானால், அதன் ஆயுள் 10²⁸ நொடிகளுக்குக் குறையாது. பிரபஞ்சத்தின் வயது 4 × 10¹⁷ நொடிகளைச் சற்றே தாண்டும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலிக்கு அப்பால், மத்தியதரைக் கடலின் ஆழத்தில் வைக்கப்பட்ட கேஎம்3நெட் நியூட்ரினோ கருவியின் ஆர்கா பகுதி, 220 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் அளவிலான ஒரு நியூட்ரினோவைப் பிடித்தபோதும் அதே விளக்கம் மீண்டும் எழுந்தது. ஒரே ஒரு நிகழ்வை வைத்து அதை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. ஆனால் அத்தகைய சிதைவு நடந்தால் கூடவே காமாக் கதிர்களும் பிறக்க வேண்டும், அவற்றுக்கும் கடுமையான வரம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே எதை வைத்து நம்புவது என்ற கடைசிக் கேள்விக்கு, தொலைதூர மூலங்களைவிடச் சூரியனையே நான் நம்புவேன். சூரியனின் திசையில் மிகுதி தெரிந்தால் முதலில் அதன் ஆற்றல் பரவலைப் பார்க்க வேண்டும். மையத்தில் ஏறத்தாழ அசைவின்றி இருக்கும் இரண்டு துகள்கள் அழியும்போது, பிறக்கும் எந்த நியூட்ரினோவும் அந்தத் துகளின் நிறைக்கு உரிய ஆற்றலைத் தாண்ட முடியாது. எனவே பரவல் ஓர் இடத்தில் வெட்டியதுபோல் நிற்க வேண்டும். சூரியனின் வளிமண்டலத்தில் பிறப்பவை அப்படி நிற்பதில்லை, மெல்லத் தேய்ந்துகொண்டே போகும். அந்த நிறையையும் மோதல் வாய்ப்பையும் எடுத்துக்கொண்டு, ஃப்ளூரினைப் பயன்படுத்தும் பீக்கோ போன்ற நிலத்தடிக் கருவிகளின் முடிவோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு, வேறு குழு, வேறு ஊடகம், வேறு கருவி அதையே காண வேண்டும். தென் துருவப் பனிக்கு சூரியன் ஆண்டில் ஆறு மாதம் தொடுவானத்துக்குக் கீழே இருக்கிறது. மத்தியதரைக் கடலின் ஆழத்தில் நிற்கும் கேஎம்3நெட்டுக்கோ ஒவ்வோர் இரவும் அது பூமியின் மறுபக்கத்தில் இருக்கிறது. ஐஸ்கியூப் தன் நீண்ட இரவில் கண்ட மிகுதியை, கேஎம்3நெட் ஆண்டு முழுவதும் இரவுதோறும் அதே திசையில், அதே ஆற்றலில் வெட்டுப்படுவதாகக் காண வேண்டும்.